அத்தானுக்கு ஒரு பொன்னாடை

சுற்றுலாத் தலம் எதையும் பார்க்காமல் சுற்றுலா போய்வருவது ஒரு கலை. அந்தக் கலையில் எங்கள் அத்தானை மிஞ்ச இன்னொருவர் பிறந்துதான் வரவேண்டும். ஆக்ராவுக்குப் போய் தாஜ்மகாலைப் பார்க்காமல் திரும்பியவர் எங்கள் குடும்பத்தில் அவர் ஒருவர்தான். "அதத்தான் காலண்டர்லயே பாத்தாச்சே" என்றார். அதற்குப் பதிலாக ஒரு டீக்கடை பெஞ்சில் அரைநாள் உட்கார்ந்து உண்மையான ஆக்ராவைத் தரிசித்துவிட்டு வந்தார். அந்த உண்மையான ஆக்ராவில் டீ என்ன விலை என்பதைத் தவிர வேறொன்றையும் இன்றுவரை அவர் எங்களுக்குச் சொன்னதில்லை. கண்டவர் விண்டதில்லை என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்!

அப்படிப்பட்டவர் நியூசிலாந்தின் ரோட்டோருவாவுக்குப் போனால் என்ன ஆகும் என்று நேரில் பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. அக்கா மகள் ஆக்லாந்தில் வேலை பார்க்கிறாள். அவளைப் பார்க்கப் போன இடத்தில், மூன்று மணி நேரக் கார்ப் பயணத்தில் இருக்கும் அந்த ஊருக்கு எங்களை அவளே வண்டி ஓட்டிக் கூட்டிக்கொண்டு போனாள். பழைய எரிமலை ஒன்று வெடித்து உள்வாங்கிய பள்ளத்தில், ஏரிக்கரை ஓரமாக இருக்கிறது ரோட்டோருவா. தெருவோரச் சாக்கடை மூடியிலிருந்து ஆவி வரும். பூங்காவில் வேலி போட்ட குட்டை தன்பாட்டுக்குக் கொதித்துக்கொண்டிருக்கும். பூமிக்கடியிலிருந்து கசியும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவால் ஊர் முழுக்க அழுகிய முட்டை வாடை. அக்கா துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். அத்தான் மட்டும் கார்க் கண்ணாடியை இறக்கி, நெஞ்சு நிறைய இழுத்து, "இதுதாம்மா ஊரோட மூச்சு" என்றார். சென்னையில் கூவம் பாலத்தைத் தாண்டும்போது கண்ணாடியை ஏற்றிவிட்டு மாநகராட்சியைத் திட்டுகிறவரும் இவரேதான். ஊருக்கு ஊர் மூக்கை மாற்றிக்கொள்ள எத்தனை பேருக்கு வரும்?

பெண் ஒரு பட்டியல் போட்டு வைத்திருந்தாள். அதில் முதல் இடம் லேடி நாக்ஸ் என்ற வெந்நீர் ஊற்று. வையோடாப்பு என்ற இடத்தில் இருக்கிறது; தினமும் காலை 10.15 மணிக்குப் பீறிட்டு எழும். ஒரு ஊற்றுக்கு எப்படி மணி தெரியும் என்று கேட்கிறீர்களா? ஊழியர் ஒருவர் வந்து அதன் வாயில் சோப்பைக் கொட்டுவார். 1901-இல் அந்தப் பக்கம் திறந்தவெளிச் சிறையில் இருந்த கைதிகள் துணி துவைக்கப் போய், சோப்பு பட்டதும் தண்ணீர் சீறிக்கொண்டு கிளம்பியதைப் பார்த்து மிரண்டுபோய்க் கண்டுபிடித்த வித்தை அது. அடியில் கொதிக்கும் தண்ணீரை மேலே இருக்கிற கொஞ்சம் ஆறிய தண்ணீர் மூடிபோல அமுக்கி வைத்திருக்கிறது. சோப்பு நீரின் மேற்பரப்பு இழுவிசையைக் குறைத்ததும் அடைபட்டது பொங்கிவிடுகிறது. விட்டுவிட்டால் ஒரு நாளைக்கோ மூன்று நாளைக்கோ ஒருமுறை அதன் விருப்பத்துக்கு எழுந்திருக்கும். வாய்ப்பகுதியில் கூம்புபோல் நிற்பதும் மனிதர்கள் அடுக்கிய கல்தான். ஆளுநர் மகளின் பெயரை வைத்து, பார்வையாளர் உட்கார வரிசையாகப் பலகை போட்டு, காலைக் காட்சி நடத்திக்கொண்டிருக்கிறார்கள்.

"சோப்பு ஊத்தி வாந்தியெடுக்க வைக்கிறதுக்குப் பேரு இயற்கையா?" என்று கேட்டார் அத்தான். நியாயமான கேள்வி. இந்த ஒரு விஷயத்தில் அவரை மனமாரப் பாராட்டுகிறேன். உள்ளர்த்தம் எதுவும் தேடவேண்டாம்.

ஆனால் கொள்கை என்று வந்துவிட்டால் பாதியில் நிற்கிற ஆள் இல்லை அத்தான். சோப்பு கேட்காமல், எவருடைய கைக்கடிகாரத்தையும் மதிக்காமல், ஒரு நாளில் பலமுறை 30 மீட்டர் உயரம் வரை எழும்புகிற போஹுட்டு ஊற்றையும் அதே தீர்ப்பில் தள்ளுபடி செய்தார். "அதுக்கும் டிக்கெட்டுதானே?" என்றார். காசு கொடுத்துப் பார்ப்பதெல்லாம் பொய், காசில்லாமல் பார்ப்பதெல்லாம் மெய். இத்தனை எளிமையாக எந்த உபநிடதமும் சொன்னதில்லை.

ஆகவே மெய்யைத் தேடிப் புறப்பட்டோம். ஊருக்குத் தெற்கே, நெடுஞ்சாலையிலிருந்து மண்பாதையில் திரும்பினால், காட்டுக்குள் சுடுநீராகவே ஓடும் ஓடை ஒன்று இருக்கிறது. கெரசின் க்ரீக் என்று பெயர். கட்டணமும் கிடையாது, காவலும் கிடையாது. "இது உள்ளூர்க்காரங்களுக்கு மட்டும்தான் தெரியும்" என்று அத்தான் குரலைத் தாழ்த்திச் சொன்னார். மோட்டல்காரர் எல்லாருக்கும் கொடுக்கிற இலவச வரைபடத்தில் சிவப்பு வட்டம் போட்டுக் காட்டியிருந்த ரகசியம் அது. போய்ப் பார்த்தால் வண்டி நிறுத்த இடமில்லை. ஓடையில் ஜெர்மன் கேட்டது, பிரெஞ்சு கேட்டது, சீனம் கேட்டது. காரில் விலையுயர்ந்த பொருள் எதையும் வைத்துவிட்டுப் போகாதீர்கள் என்று ஓர் அறிவிப்பு. தலையைத் தண்ணீருக்குள் அமுக்காதீர்கள், மூக்கு வழியாக அமீபா ஏறி மூளைக்காய்ச்சல் வரலாம் என்று இன்னோர் அறிவிப்பு. அத்தான் இடுப்பளவுத் தண்ணீரில் பணப்பையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி, கழுத்துக்கு மேல் ஒரு சொட்டுப் படாமல், உள்ளூர் வாழ்க்கையில் ஒன்றாகக் கலந்து நின்றார். உள்ளூர்க்காரர் யாரையும்தான் அன்று காணோம். வேலைநாள், சுற்றுலாத் தலங்களில் டிக்கெட் கொடுக்கப் போயிருப்பார்கள்.

ஊருக்குள்ளே குயிராவ் பூங்கா என்று இருக்கிறது. அதுவும் இலவசம். அதனால் மிகவும் உண்மையானது. வேலிக்கு அந்தப் பக்கம் சேறு குமிழியிடும், குளத்திலிருந்து எழும் ஆவி நடைபாதையை மறைக்கும். 2001 ஜனவரியில் இங்கே பூமி திடீரென்று வெடித்துச் சேற்றையும் கல்லையும் வாரி இறைத்தது. இப்போது பூங்காவின் ஓரமாக, கால் நனைத்துக்கொள்ளச் சுடுநீர்த் தொட்டிகள் கட்டிவிட்டிருக்கிறார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்த இரண்டு பெண்பிள்ளைகளும் ஒரு கிழவரும் ஏற்கனவே உட்கார்ந்திருந்தார்கள். அக்காவும் உட்கார்ந்து காலை விட்டாள். நீண்ட நாள் முழங்கால் வலிக்கு இதமாக இருக்கிறது என்றாள். எடுத்துப் பார்த்தால் கால் மெட்டி இரண்டும் கரிபிடித்த மாதிரி கறுத்திருந்தன. கந்தகம் கலந்த தண்ணீர், வெள்ளியைச் சும்மா விடுமா? அந்தக் கிழவர் குனிந்து பார்த்து, வெள்ளியைக் கழற்றிவிட்டுத்தான் இறங்க வேண்டும் என்று சைகை காட்டிச் சிரித்தார். அக்காவும் சிரித்தாள். பற்பசை போட்டுத் தேய்த்தால் போகும் என்று அவர் சைகையிலேயே சொன்னார். மொத்தப் பயணத்திலும் உள்ளூர்க்காரர் ஒருவரும் எங்களில் ஒருவரும் தாமாகப் பேசிக்கொண்டது அதுதான் முதல் தடவை. அத்தான் அந்த நேரத்தில் கொஞ்சம் தள்ளி நின்று, உள்ளூர்க்காரர்கள் படத்தில் விழுகிற கோணத்தைத் தேடிக்கொண்டிருந்தார்.

பிறகு சூப்பர் மார்க்கெட். ஒரு சமூகத்தைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் அது என்ன வாங்கித் தின்கிறது என்று பார்க்கவேண்டும் என்பது அத்தானின் கோட்பாடு. எல்லா ஊரிலும் அதைச் செய்துபார்த்திருக்கிறார். குமாரா என்று அங்கே சொல்கிற சர்க்கரைவள்ளிக் கிழங்கை எடுத்து, ரூபாய்க் கணக்குப் போட்டு, அதிர்ச்சி அடைந்து, திரும்ப வைத்தார். பால் எவ்வளவு, வெண்ணெய் எவ்வளவு என்று படம் எடுத்துக்கொண்டார். அடுத்ததாக டெய்ரி என்று அங்கே அழைக்கப்படும் தெருமுனைப் பெட்டிக்கடைக்குப் போனோம். உள்ளூர் வாழ்க்கையின் இதயம் அதுதான் என்றார். கல்லாவில் இருந்தவர் எங்களைப் பார்த்ததும் இந்தியில் நலம் விசாரித்தார். குஜராத்திக்காரர். நியூசிலாந்து முழுக்க அந்தக் கடைகளில் பலவற்றை நடத்துவது அவர்கள்தான். அத்தானின் முகம் வாடிவிட்டது. அந்த மனிதர் பல வருடங்களாக அந்தத் தெருவிலேயே இருக்கிறாராம், பிள்ளைகள் அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களாம். இருந்து என்ன செய்ய? உள்ளூர்க்காரர் என்றால் எப்படி இருக்கவேண்டும் என்று ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பாலிருந்து முடிவு செய்துகொண்டு வந்தவருக்கு, அந்தத் தோற்றத்தில் இல்லாத உள்ளூர்க்காரர் எதற்கு?

அவர் தேடியது ஒஹினேமுட்டுவில் கிடைத்தது. ஏரிக்கரையில் இருக்கிற, அந்த நாட்டின் பூர்வகுடிகளான மவோரிகளின் கிராமம். தே அராவா மக்கள் தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கிற இடம். தமடேகபுவா என்ற செதுக்குவேலைப்பாடு நிறைந்த பொதுக்கூடம் அங்கே இருக்கிறது. எதிரே மரமும் வெள்ளைச்சுவருமாக ஒரு தேவாலயம். தேவாலயச் சன்னல் கண்ணாடியில் மவோரி மேலாடை அணிந்த கிறிஸ்துவைப் பொறித்திருக்கிறார்கள்; உள்ளே சரியான இடத்தில் உட்கார்ந்து பார்த்தால், பின்னால் தெரிகிற ஏரியின் மேல் அவர் நடந்து வருவது போலவே இருக்கும். வீடுகளின் கொல்லையில் ஆவி எழுகிறது. மண் சூடாக இருப்பதால் இறந்தவர்களைத் தோண்டிப் புதைக்க முடியாது. தரைக்கு மேலே கல்லறை கட்டி வைத்திருக்கிறார்கள். வாசலில் கட்டணம் கிடையாது. இது மக்கள் குடியிருக்கும் இடம், அவர்கள் தனிமையை மதியுங்கள் என்று பலகை மட்டும் இருக்கிறது.

பலகையைப் படித்ததும் அத்தானுக்கு உற்சாகம் தாங்கவில்லை. மக்கள் குடியிருக்கிறார்கள் என்று எழுத்துப்பூர்வமாகவே உறுதியாகிவிட்டதே! சந்து சந்தாக நுழைந்தார். ஒரு வீட்டின் பின்புறம், தரையில் பதித்த மரப்பெட்டி ஒன்றின் மூடியிடுக்கில் ஆவி வந்துகொண்டிருந்தது. அதில்தான் சமைப்பார்கள். இறைச்சியும் கிழங்கும் வைத்து மூடிவிட்டால் பூமியே வேகவைத்துக் கொடுத்துவிடும். "இட்லிக் கொப்பரை மாதிரி" என்றாள் அக்கா. அத்தான் கொடியில் காய்ந்த துண்டுகளை ஒதுக்கிக்கொண்டு உள்ளே போய், குனிந்து, அந்தப் பெட்டியை நான்கு பக்கமிருந்தும் படம் எடுத்தார். மூடியைத் திறக்கலாமா என்று ஒரு கணம் யோசித்ததையும் நான் பார்த்தேன், திறக்கவில்லை, அந்தப் பெருந்தன்மையை இங்கே பதிவு செய்யாவிட்டால் நன்றி மறந்தவள் ஆவேன். வீட்டுக்குள்ளிருந்து ஓர் அம்மாள் கையில் பாத்திரத்தோடு வந்தார். அத்தானைப் பார்த்தார். அத்தான் கைகூப்பி வணக்கம் சொல்லி, அவரையும் ஒரு படம் எடுத்தார். அந்த அம்மாள் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"பாத்தியாம்மா, எவ்வளவு இயல்பா இருக்காங்க!" என்றார் அத்தான் என்னிடம்.

"என்னங்க, நம்ம கொல்லையில இப்படி ஒருத்தன் வந்து நின்னா நீங்க சும்மா இருப்பீங்களா?" என்று அக்கா கேட்டாள். அத்தானுடைய நங்கநல்லூர் வீட்டு வாசலில் மூன்று பலகைகள் தொங்குகின்றன. வண்டி நிறுத்தாதீர், விளம்பரத் தாள் போடாதீர், நாய் ஜாக்கிரதை. நாய் கிடையாது, பலகை மட்டும்தான். தபால்காரர் கேட்டுக்கு உள்ளே ஒரு காலை வைத்தால் காமிராவில் பார்த்து உள்ளேயிருந்தே அதட்டுவார். அக்கா இதையெல்லாம் ஒப்பிடுவது சரியில்லை. நங்கநல்லூரில் இருப்பது வீடு. ஒஹினேமுட்டுவில் இருப்பது பண்பாடு.

மறுநாள் ஃபகாரேவாரேவா. ஊற்றுகளின் நடுவிலேயே குடியிருக்கும் கிராமம் அது. வாசலில் டிக்கெட், உள்ளே கிராமத்துப் பெண்ணோ பையனோ வழிகாட்டியாக வந்து சுற்றிக்காட்டுவார். இங்கேதான் அத்தானின் அறச்சீற்றம் உச்சத்துக்குப் போனது. "வாழ்க்கைய காட்சிப்பொருளாக்கி வித்துட்டாங்க. டிக்கெட் போட்ட வாழ்க்கை உண்மையான வாழ்க்கையா? இவங்களக் கெடுத்ததே டூரிஸ்டுங்கதான்" என்றார். டூரிஸ்டு என்ற சொல்லை அவர் உச்சரிக்கும்போது தன்னை எங்கே வைத்துக்கொள்கிறார் என்பது எனக்கு எப்போதும் வியப்பு. பிரம்மம் போல, எங்கும் இருந்தும் எதிலும் ஒட்டாமல்.

ஆனாலும் கட்டணச் சலுகைக்கு ஒரு முயற்சி செய்யாமல் இல்லை. வெலிங்டன் அருங்காட்சியகத்தில் தமிழ் எழுத்துப் பொறித்த பழைய கப்பல் மணி ஒன்று இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வில்லியம் கொலென்சோ என்ற மிஷனரி, ஃபாங்கரே பக்கத்து மவோரிகள் அதைக் கிழங்கு வேகவைக்கப் பயன்படுத்திக்கொண்டிருந்ததைக் கண்டு வாங்கினார். உண்மைச் செய்தி. அத்தான் இதை டிக்கெட் கொடுக்கும் பெண்ணிடம் விலாவாரியாக எடுத்துச் சொல்லி, தமிழருக்கும் மவோரிக்கும் உள்ள தொன்மையான உறவை நிலைநாட்டினார். ஃபாங்கரே எங்கேயோ வடக்கே இருக்கிறது, அங்கிருக்கும் குலங்கள் வேறு, இவர்கள் வேறு. காரைக்குடியில் கடன் கொடுத்துவிட்டு காசியில் வட்டி கேட்கிறமாதிரி இருந்தாலும், அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டு, "பெரியவர்கள் நான்கு பேரா?" என்றாள். அத்தான் பின்வாங்கிவிட்டார். நாங்கள் மூன்று பேர் உள்ளே போனோம்.

அத்தான் வெளியே நின்று காத்த அந்தத் தூய்மையின் மதிப்பு புரியவேண்டுமானால் கொஞ்சம் பழைய கதை சொல்லவேண்டும். 1870களிலும் 80களிலும் ரோட்டோருவாவுக்குப் பக்கத்தில் ரோட்டோமஹானா ஏரிக்கரையில் இளஞ்சிவப்பு, வெள்ளை என்று இரண்டு படிக்கட்டுப் பாறைகள் இருந்தன. கொதிநீரில் கரைந்து வந்த சிலிக்கா படிந்து படிந்து உண்டானவை. உலகத்தின் எட்டாவது அதிசயம் என்று இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்து பார்த்தார்கள். தூஹோராங்கி மக்கள் தே வைரோவா கிராமத்திலிருந்து படகு ஓட்டினார்கள், வழி காட்டினார்கள், விருந்தாளிகளுக்கு ஆடிப் பாடினார்கள், படம் எடுக்கவும் வரையவும் தனியாகக் காசு வாங்கினார்கள். ஹினேமிஹி என்ற அவர்களுடைய செதுக்குக் கூடத்தின் உருவங்களுக்குச் சிப்பிக்கண் வைக்கிற வழக்கத்தை விட்டு, தங்க நாணயத்தையே கண்ணாகப் பதித்தார்கள். அதாவது டிக்கெட் போடுவது அங்கே ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டு பழைய உள்ளூர் வாழ்க்கை. அத்தான் பிறப்பதற்கு முன்பே தொடங்கிவிட்டதால் அவரிடம் அனுமதி வாங்க முடியவில்லை.

1886 ஜூன் 10 விடியுமுன் தாராவெரா மலை வெடித்தது. ஏறத்தாழ 120 பேர் செத்தார்கள். அந்தப் பாறைப்படிகள் போயின, தே வைரோவா சேற்றில் புதைந்தது. சோஃபியா ஹினெராங்கி என்ற வழிகாட்டியின் குடிலிலும் ஹினேமிஹி கூடத்திலும் ஒதுங்கியவர்கள் பிழைத்தார்கள். ஊரும் தொழிலும் இழந்து வந்தவர்களுக்கு ஃபகாரேவாரேவாவில் இருந்த உறவுக்காரர்கள் இடம் கொடுத்தார்கள். சோஃபியா அங்கே மறுபடி வழிகாட்டியாக நின்றார். அவருக்குப் பின்னால் வந்தவர் மேகி பாபகுரா. 1901-இல் பிரிட்டிஷ் இளவரசரையும் மனைவியையும் கூட்டிப்போய்க் காட்டியவர். பயணி ஒருவர் குடும்பப் பெயர் என்ன என்று துருவியபோது, பக்கத்தில் பொங்கிக்கொண்டிருந்த ஊற்றின் பெயரையே சொல்லிவிட்டார், அது ஒட்டிக்கொண்டது என்பார்கள். பிற்காலத்தில் ஆக்ஸ்ஃபோர்டில் மானிடவியல் படித்து, தன் மக்களின் வாழ்க்கையைத் தானே எழுதினார். அவர் இறந்த பிறகு 1938-இல் அது புத்தகமாக வந்தது. அந்த வாழ்க்கையை அறிய இப்படியெல்லாம் குறுக்குவழி இருக்கும்போது, கொல்லைப்புறம் வழியாகச் சுற்றிப்போகிற அத்தானின் உழைப்பை என்னவென்று சொல்வது!

அவருக்கு முன்னோர்களும் உண்டு. அந்தப் பாறைப்படிகளை உயிராக நேசித்த பயணிகள் நினைவுக்கு ஒரு துண்டு உடைத்து எடுத்துப்போனார்கள். பென்சிலால் தங்கள் பெயரை எழுதினார்கள். சிலிக்கா அதன்மேல் கண்ணாடிபோலப் படிந்து பெயரைக் காப்பாற்றிக்கொடுத்தது. 1892-இல் ஆளுநர் ஆன்ஸ்லோ பிரபு ஹினேமிஹி கூடத்தையே 50 பவுண்டுக்கு வாங்கி, பிரித்துக் கப்பலேற்றி, இங்கிலாந்தில் தன் மாளிகைத் தோட்டத்தில் நிறுத்தினார். சாம்பல் மழையில் பல பேர் உயிரைக் காத்த கூடம் அது. இவர்களோடு வைத்துப் பார்த்தால் அத்தான் மகாத்மா. அவர் எடுத்துவந்தது வெறும் படங்கள்தான், அதுவும் ஐம்பது பவுண்டு கூடச் செலவில்லாமல்.

உள்ளே எங்களுக்கு வழிகாட்டியாக வந்தவர் நடுத்தர வயதுப் பெண். அவருடைய அம்மாவும் பாட்டியும் இதே வேலையைச் செய்தவர்களாம். கொதிக்கிற குளத்தில் சோளக்கதிரை வலைப்பையில் கட்டி இறக்கினார்கள். எடுத்து வெண்ணெய் தடவிக் கையில் கொடுத்தார்கள். குளத்திலிருந்து சின்ன வாய்க்கால் பிரிந்து திறந்தவெளிக் குளியல் தொட்டிகளுக்குப் போகிறது. முன்கூட்டியே திறந்துவிட்டு ஆறவைக்கவேண்டும், இல்லாவிட்டால் தோல் உரிந்துவிடும். யார் எப்போது குளிப்பார்கள் என்று அக்கா கேட்டாள். "நீங்கள் எல்லாரும் போன பிறகு" என்றார் அந்த அம்மாள், சிரித்துக்கொண்டே. சாயங்காலம் வாசலைச் சாத்தியதும் ஊர் குளிக்கும், குழந்தைகளும் கிழவிகளும் கதை பேசுவார்கள். அந்த நேரம் விற்பனைக்கு இல்லை. வாசலில் டிக்கெட் போட்டிருப்பதால்தான் அதைச் சாத்தவும் முடிகிறது என்று எனக்குப் பட்டது. இதை அத்தானிடம் சொல்லியிருந்தால் வணிகமயம் என்னையும் பிடித்துவிட்டது என்று வருந்தியிருப்பார்.

பாலத்துக்கடியில் ஓடையில் சிறுவர்கள் நின்று நாணயம் போடச் சொல்லிக் கேட்பதும், போட்டால் பாய்ந்து எடுப்பதும் அந்தக் கிராமத்தில் தொன்றுதொட்டு நடக்கிற விளையாட்டு. வெளியே வந்து அத்தானிடம் சொன்னோம். குழந்தைத் தொழிலை ஊக்குவிக்கக்கூடாது என்று உடனே கண்டித்தார். அவர் பையிலிருந்த சில்லறையைக் காப்பாற்ற இப்படி ஒரு உயர்ந்த காரணம் சமயத்தில் வந்து உதவுவதைப் பார்த்து நான் பலமுறை கைகூப்பியிருக்கிறேன்.

இரவில் எங்கள் மோட்டலின் பின்புறத் தொட்டியில் அத்தான் வெகுநேரம் ஊறினார். அறைவாடகையிலேயே சேர்ந்த வெந்நீர், தனிக்கட்டணம் இல்லை. "இதவிட வேறென்ன வேணும்? அந்த ஊத்தப் பாக்க எதுக்குப் போகணும்?" என்றார். மிக ஆழமான வாக்கு. ஒரு காலத்தில் ஊரே அப்படித்தான் நினைத்தது. வீட்டுக்கு வீடு, மோட்டலுக்கு மோட்டல் பூமியில் துளை போட்டு வெந்நீரையும் ஆவியையும் இழுத்தார்கள். அடியில் அழுத்தம் குறையக் குறைய, மேலே ஊற்றுகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. மேகி தன் பெயரோடு சேர்த்துக்கொண்ட அந்த பாபகுரா ஊற்று 1979-இல் நின்றேபோயிற்று. 1986-இல் அரசாங்கம் போஹுட்டுவைச் சுற்றி 1.5 கிலோமீட்டருக்குள் இருந்த துளைகளை எல்லாம் மூட உத்தரவு போட்டது. வீடுகளில் வெந்நீர் போனவர்கள் கொதித்தார்கள். ஊற்றுகள் மெல்லத் திரும்பி வந்தன. ஊற்று எதற்கு, தொட்டி போதும் என்ற அத்தானின் தத்துவத்தை ஒரு நகரமே நடைமுறைப்படுத்திப் பார்த்துவிட்டது என்று அறிந்தால் அவர் பெருமைப்படுவார். நான் சொல்லவில்லை. கண்ணை மூடி ஊறிக்கொண்டிருந்தார். தொந்தரவு செய்ய மனம் வரவில்லை.

ஊருக்குத் திரும்பிய பிறகு அவர் குடியிருப்போர் நலச் சங்கக் கூட்டத்தில் 'யாரும் பார்க்காத ரோட்டோருவா' என்று திரைபோட்டுப் பேசினார். ஒஹினேமுட்டு அம்மாள் கதவுக்குள் திரும்பும் படம் பெரிதாக வந்தது. "இவங்க எங்கள அவங்க குடும்பத்துல ஒருத்தரா நினைச்சாங்க" என்றார். கைதட்டல். சூப்பர் மார்க்கெட்டில் வெண்ணெய் விலை வந்தபோது அதைவிடப் பெரிய கைதட்டல். சங்கத் தலைவர் பொன்னாடை போர்த்தினார். கடைசி வரிசையில் அக்கா, பற்பசை போட்டும் முழுதாகப் போகாத மெட்டியை இன்னொரு கால்விரலால் நெருடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த வருடம் ஐஸ்லாந்துக்குத் திட்டம். ப்ளூ லகூன் வேண்டாமாம். அது மின்நிலையம் வெளியேற்றுகிற தண்ணீர், அதற்குப் போய் அவ்வளவு காசா என்கிறார். இதிலும் அவர் சொல்வது சரிதான். பூமிவெப்பத்தில் ஓடும் மின்நிலையத்தின் கழிவுநீர்தான் அது. அதனால் ரெய்க்யவிக்கில் அந்தந்தப் பேட்டைக்காரர்கள் தினமும் போகிற நீச்சல் குளத்துக்கே போகப்போகிறார். சொற்பக் கட்டணம், சுடுநீர்த் தொட்டியில் கழுத்தளவு உட்கார்ந்து ஊர்க்காரர்கள் அரசியல் பேசுவார்கள், கலப்படமில்லாத உள்ளூர் வாழ்க்கை. ஒரே ஒரு உள்ளூர் வழக்கம் இருக்கிறது. குளத்தில் இறங்குமுன் பொதுக் குளியலறையில், ஒட்டுத்துணி இல்லாமல், எல்லார் முன்னிலையிலும் சோப்புப் போட்டுக் குளிக்கவேண்டும். எங்கெங்கே தேய்க்கவேண்டும் என்று உடம்புப் படத்தில் சிவப்பு அடித்துச் சுவரில் மாட்டியிருப்பார்கள். ஏமாற்றிவிட்டு நழுவுகிறவர்களைத் திருப்பி அனுப்ப ஆள் நிற்பார். தடுப்புத்திரையைத் தேடுகிறவர் வெளியூர்க்காரர் என்று பார்த்ததுமே கண்டுகொள்வார்களாம்.

அக்காவிடம் கேட்டேன், அத்தானுக்கு இது தெரியுமா என்று. "நீ சொல்லிடாதடி" என்றாள். டிக்கெட் போட்டாகிவிட்டதாம்.